கூட்டிவைத்த ஒரு மணி

கழிக்கணும். சந்தேகமே கிடையாது, கழிக்கத்தான் வேணும். முந்தி ஓடுற கடிகாரத்துல இருந்து கழி, பிந்தி ஓடுற கடிகாரத்தோட கூட்டு. கிழக்க இருக்கிறவனுக்கு மணி கூட, மேக்க இருக்கிறவனுக்குக் குறைச்சல். இதைத்தானே உலகநாதன் சார், உலகநாதன் சார்னு கும்பிடு வாங்கிக்கிட்டு இத்தனை வருஷமா ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், பதினஞ்சு பாகைக்கு ஒரு மணி, ஒரு பாகைக்கு நாலு நிமிஷம்னு உலக உருண்டையைச் சுத்திச் சுத்திக் காட்டி, கழிக்கச் சொன்ன இடத்துல கூட்டினவன் மண்டையில குட்டி. இப்ப என் மண்டையில குட்ட யாரு இருக்கா. நான் பிறந்தப்ப மில் கடிகாரம் ஆறு காட்டுச்சு. அது ஒரு மணி முந்தி ஓடின கடிகாரம். அப்ப நிஜம் அஞ்சு. கழிச்சாச்சு. கழிச்சா என் மக செண்பகத்துக்கு ஆபத்து இந்த ஆடி மாசம். கூட்டினா அது எப்பவோ தாண்டிப் போச்சு, நான் இப்படிச் சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு உச்சி வெயில்ல இந்த ஓட்டை பஸ்ஸுல ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்ல. செண்பகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட விடிகாலையிலயே குத்தாலம் போயாச்சு. அருவி. தண்ணி. நானே கையெழுத்துப் போட்டு, நானே கூட்டிட்டுப் போய் விட்டு, பஸ்ஸு கிளம்புறவரைக்கும் நானே கையாட்டிக்கிட்டு நின்னேன். சவத்துக் கையி. கழுகுமலை தாண்டியாச்சா? மலை தெரியுது, ஆனா இந்த டிரைவர் மலையைச் சுத்திக்கிட்டே இருக்கானா என்னன்னு தெரியல, முன்னயும் இந்தப் பக்கம்தான் தெரிஞ்சுது.

எல்லாம் திரவியம் வந்ததுனால. இல்ல, அவன் வராட்டி எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும், அதுதான் நல்லதா? என் வீட்டுக்காரி சங்கரவடிவுக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி, லண்டன்ல ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோர்ல வேலை, மூணு வருஷத்துக்கு ஒருக்கா லீவுல வருவான். இன்னிக்குக் காலையில செண்பகத்தை அனுப்பிட்டு வந்து கால் கழுவுறேன், பெட்டியோட வாசல்ல நிக்கிறான். ரெண்டு கையிலயும் கடிகாரம். ஒண்ணு இந்த ஊருக்கு, ஒண்ணு அந்த ஊருக்காம். இட்லி சாப்பிட்டுக்கிட்டே, ‘அத்தான், நீங்க ஜியாக்ரபி வாத்தியாராச்சே, இப்ப லண்டன்ல மணி என்ன சொல்லுங்க பாப்போம்’னு கேட்டான். எனக்கா தெரியாது? அஞ்சரை மணி நேரம் கழிச்சுச் சொன்னேன். கைகொட்டிச் சிரிச்சான். ‘தப்பு அத்தான். நாலரைதான் கழிக்கணும். கோடையில அங்க ஒரு மணி கூட்டி வெச்சிருவாங்க. ராத்திரி படுத்து எந்திரிச்சா ஒரு மணி நேரத்தைக் காணோம்.’ சங்கரவடிவு கரண்டியோட நின்னவ, ‘காணாமப் போன அந்த ஒரு மணியில ஒரு பிள்ளை பிறந்தா என்னடா பண்ணுவாக?’ன்னு கேட்டா. பொம்பளைகளுக்கு எங்க இருந்துதான் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் வருமோ. ‘ஜாதகம் எழுதுறப்பக் கழிச்சுக்கணும் அக்கா. கழிக்காம விட்டு அங்க நம்ம ஆளுக பிள்ளைகளுக்கு எத்தனை பேருக்கு எல்லாமே மாறிப் போச்சு தெரியுமா. அட, இங்கயும்தான் யுத்தத்தப்ப ஒரு மணி கூட்டி வெச்சிருந்தாங்க. அத்தான் யுத்தத்துல பிறந்தவர்தானே? உங்களுக்குக் கழிச்சாங்களா அத்தான்?’ விளையாட்டாத்தான் கேட்டான். சட்னியைத் தொட்டுக்கிட்டே கேட்டான். நான் இட்லியை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

கழிக்கல. கேட்ட உடனே தெரிஞ்சுபோச்சு, கழிக்கல. எங்க அப்பா பஞ்சு மில்லுல கணக்கர். நான் பிறந்த அன்னிக்கு ராத்திரி ஷிப்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் மில் கேட்டுல நின்னு ‘ஆம்பளப் பிள்ளை’ன்னு கத்த, அப்பா தலைக்கு மேல இருந்த கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து மனசுல குறிச்சுக்கிட்டார், கடைசி வரைக்கும் அதையே சொன்னார். ‘உலகநாதன் பிறந்தப்ப மணி ஆறு, பொலபொலன்னு விடிஞ்சாச்சு.’ அம்மா ஒத்துக்கவே மாட்டா. ‘எங்க விடிஞ்சுது? அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடிச்சுத்தானே மருத்துவச்சி உன் மூஞ்சியைக் காட்டினா. கோழி கூடக் கூவல.’ அப்பா, ‘உனக்கு வலியில கண்ணு இருட்டியிருக்கும், மூதி’ம்பார். அம்மா சாகுறவரைக்கும் இந்தச் சண்டை ஓயல, நானும் அப்பா பக்கம்தான், கடிகாரம் பொய் சொல்லுமா? ஆனா கடிகாரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவன் பொய் சொல்லியிருக்கான். மில்லு சர்க்கார் உத்தரவுப்படி முள்ளைத் திருப்பி வெச்சிருக்கு, சேவலுக்கு யாரும் உத்தரவு போடல. அம்மா சொன்னதுதான் நிஜம். இருட்டுலதான் பிறந்திருக்கேன். வெளிச்சத்துல பிறந்ததா நெனச்சுக்கிட்டு நாற்பது வயசு ஓட்டியாச்சு. யுத்தம் முடிஞ்சு, திருப்பின முள்ளையும் மறுபடி திருப்பி, எல்லாரும் மறந்தப்புறம், என்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிற வயசுல ஜாதகம் எழுதினாங்க. எட்டயபுரத்து ஜோசியர் மணியைக் கேட்டார். அப்பா ஆறுன்னார். கூட்டின மணியான்னு அவர் கேட்கல, இவர் சொல்லல, அவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க லண்டன்ல இருந்து ஒருத்தன் வரணும்.

பரணியில் பிறந்தவன் தரணி ஆள்வான். நானும் ஆண்டுக்கிட்டுத்தான் இருக்கேன், அட்டையில செஞ்ச தரணியை, அதுலயும் அண்டார்டிகா பிஞ்சு போச்சு. பரணி நட்சத்திரம்னா பிறக்கையில சுக்கிர தசை. அதுல இன்னும் எவ்வளவு பாக்கி இருக்குன்னு பார்த்துத்தான் பின்னால வர்ற ஒவ்வொண்ணுக்கும் நாள் குறிக்கிறது. பிறந்த மணியில ஒரு மணி பிசகினா பாக்கியில பத்து மாசம் பிசகும். நிஜ மணி முன்னாலன்னா பாக்கி கூடும், பாக்கி கூடினா எல்லாமே பத்து மாசம் தள்ளித் தள்ளி வரும். அறைக் கதவைச் சாத்திக்கிட்டு மூணு தடவை போட்டுப் பார்த்தேன். மூணு தடவையும் பத்து மாசம். ஒரு பிள்ளை வயித்துல கிடக்கிற காலம். ஜோசியர் எழுதி வெச்சது, அப்பா எனக்கு வாசிச்சுக் காட்டினது, நான் சங்கரவடிவுக்குச் சொல்லி அவளும் தூங்காம கிடந்தது ஒரே ஒரு வரி. மூத்த பிள்ளைக்கு நீரில் கண்டம், போன புரட்டாசி மாசம், அதைத் தாண்டினா ஆயுசு கெட்டி. போன புரட்டாசியில செண்பகத்தைப் படுத்தின பாடு! கிணத்துப் பக்கம் போகக் கூடாது, தெப்பக்குளத்துத் தெரு வழியா நடக்கக் கூடாது, வாளித் தண்ணியில அவ அம்மா பக்கத்துல நின்னு செம்பால மொண்டு ஊத்தணும். மழை பெஞ்ச அன்னிக்குப் பள்ளிக்கூடமே போக விடல. ‘என்னப்பா இது, நான் என்ன உப்பா, கரைஞ்சு போறதுக்கு’ன்னு அழுதா. மாசம் முடிஞ்சுது. அம்மன் சந்நிதியில தேங்காய் உடைச்சோம். அன்னிக்குத்தான் சொன்னேன், ‘இனிமே நீ எங்க வேணா போ, எந்தத் தண்ணியில வேணா குளி’ன்னு. அதனாலதான் இந்த வருஷம் குத்தாலம்னதும் நான் யோசிக்கவே இல்ல. புரட்டாசியில இருந்து பத்து மாசம் எண்ணிப் பாரு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. விரலை மடக்கி மடக்கி எத்தனை தடவை எண்ணினாலும் கடைசி விரல் ஆடியிலதான் போய் நிக்குது.

கண்டக்டர், ‘டிக்கெட் வாங்கியாச்சா அண்ணாச்சி?’ன்னு ரெண்டாந்தடவையா கேக்கிறான். வாங்கியாச்சுய்யா, வாங்கியாச்சு, எத்தனை தடவை கேப்பே. ஒரு வேளை இதெல்லாம் கட்டுக்கதைதானோ. ஜாதகமாவது மண்ணாவது. பூகோளம் படிச்சவன், சந்திரன்ல இருக்கிறது வெறும் கல்லுன்னு சொல்லிக்கொடுக்கிறவன், அது என் பிள்ளையைத் தண்ணியில தள்ளும்னு பஸ் ஏறி ஓடுறான். நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க. அப்படின்னு மனசைத் தேத்தி வெச்சா, அடுத்த நிமிஷமே அது வேற வழியா வருது. என் கல்யாணம் ஐப்பசியிலன்னு ஜாதகம் சொல்லுச்சு. ஐப்பசியில முகூர்த்தமே குறிச்சாச்சு, பத்திரிகை அடிக்கக் கூடக் கொடுத்தாச்சு, பெண் வீட்டுல ஒரு சாவு விழுந்து தள்ளிப்போய் எப்ப நடந்துச்சு? ஆவணியில. எண்ணிப் பாரு. பத்து. அப்பாவுக்குப் பங்குனியில முடிவுன்னு இருந்துச்சு. பங்குனியில படுத்தார், வாயில பாலு கூட ஊத்தினோம், மறுநாள் எந்திரிச்சு உட்கார்ந்து ‘எவன்டா பாலை வீணாக்கினவன்’னு கேட்டார். தைப்பொங்கல் கழிச்சுத்தான் போனார். பத்து. சித்திரையில முதல் பிள்ளைன்னு சொல்லியிருந்துச்சு. சித்திரையில சங்கரவடிவு குளிக்காம இருந்தா, அவ்வளவுதான். செண்பகம் பிறந்தது மாசியில. ‘உங்களுக்கு எல்லாமே தாமசமாத்தான் நடக்கும், உங்க ராசி அப்படி’ன்னு சங்கரவடிவு கேலி பண்ணுவா, நானும் கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கேன். தாமசம் இல்லடி. எல்லாம் அதது நேரத்துக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நாமதான் வேற எவனோட கடிகாரத்தையோ பார்த்துக்கிட்டு வாசல்ல நின்னிருக்கோம்.

சங்கரன்கோவில். பத்து நிமிஷம் நிக்கும்னு சொல்லிட்டு டிரைவர் இறங்கிட்டான். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொட்டகை போட்டுக்கிட்டு இருக்காங்க, ஆனா ஒரு ஆளைக் காணோம், மூங்கில் மட்டும் நிக்குது. உச்சி. கடிகாரத்துக்குப் பன்னிரண்டுன்னா உச்சின்னு பேரு, ஆனா நம்ம சீமைக்கு நிஜ உச்சி பன்னிரண்டரைக்குத்தான். நாட்டுக்கே ஒரு மணின்னு சொல்லி எங்கயோ கிழக்க ஒரு தீர்க்கரேகையைப் பிடிச்சு வெச்சிருக்கான், அங்க உச்சி தாண்டின பிறகுதான் இங்க உச்சி. நடுவுல இருக்கிற இந்த அரை மணி யாருக்குச் சொந்தம்? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கையில எனக்கு இப்படியெல்லாம் தோணினதே இல்ல. கம்பத்து நிழல் கம்பத்துக்கு அடியிலயே சுருண்டு கிடக்கு. உச்சிப்பொழுதுல முச்சந்தியில நிக்காத, சுடலைமாடன் நடமாட்டம்னு அம்மா சொல்லுவா. வெள்ளரிக்காய்க் கூடையோட ஒருத்தி ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னா. வெத்தலை போட்ட வாய். என்னை அண்ணாந்து பார்த்தவ கூடையை இறக்கவே இல்ல. ‘என்ன அண்ணாச்சி, மறுபடியுமா?’ன்னா. ‘என்னம்மா மறுபடியும்?’ ‘முன்ன போன வண்டியிலயும் இதே சன்னல்லதான இருந்தீக. வெள்ளரிக்கா வெள்ளரிக்கான்னு நானும் கத்துதேன், வாயத் தொறக்காம அழுதுகிட்டே இருந்தீகளே. இறங்கி இதுல ஏறிட்டீகளா?’ ‘யாரையோ பார்த்துட்டு யாருகிட்டயோ பேசுதே, போம்மா’ன்னு கத்திட்டேன். அவ, ‘அட, எனக்கென்ன’ன்னு போயிட்டா. பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார். ஒரே ஜாடையில ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்றதுதானே. அழுத மூஞ்சி எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். நான் எங்க அழுதேன்? அப்பா செத்தப்பக்கூட எனக்கு அழுகை வரல, ஊரே பேசிச்சு.

முன்ன போன வண்டி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால. அதை விட்டுட்டேனே, அந்த வண்டியிலதான் நான் வந்திருக்கணும். அறையில உட்கார்ந்து மூணாந்தடவையா, கூட்டினா என்ன ஆகும்னு போட்டுக்கிட்டு இருந்தேன், கூட்டணும்னு வந்திராதான்னு. ஓடி வந்து பஸ் ஸ்டாண்டுல காலை வெச்சா வண்டி வாசலைத் தாண்டுது. பின்கண்ணாடியில புழுதிக்கு நடுவுல ஒரு தலை தெரிஞ்சுது. வழுக்கை. பின்மண்டையில வழுக்கை யாருக்குத்தான் இல்ல. அவன் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்க மாட்டான். அவன்னா எவன்? சீ, என்ன புத்தி இது. ஆனா நெனைப்புக்குக் கடிவாளம் போட முடியுதா. எட்டயபுரத்து ஜோசியர் எழுதின ஜாதகம் என்னோடது இல்லன்னா, அது யாரோடது? வெளிச்சத்துல, நிஜமாவே ஆறு மணிக்குப் பிறந்தவன் ஒருத்தன் இருந்தாத்தானே அந்த ஏட்டுக்கு அர்த்தம். அவனுக்கு ஐப்பசியில, குறிச்ச நாள்லயே கல்யாணம் ஆயிருக்கும். பங்குனியில ஊத்தின பாலு அவன் அப்பாவுக்கு உள்ளே இறங்கியிருக்காது. அவனுக்கு எதுவுமே தள்ளிப் போயிருக்காது. போன புரட்டாசியும். ஐயோ. போன புரட்டாசியும்தான். நாங்க இங்க வாளியும் செம்புமா காவல் காத்தோமே, எங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே, அந்த மாசம் அவன் வீட்டுக் கிணத்துல பாதாளக்கரண்டி போட்டுத் தேடியிருப்பாங்க. அவன் பிள்ளை பேரும் செண்பகம்தானா? அவளும் நான் என்ன உப்பான்னு கேட்டிருப்பாளா? பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துட்டு பத்து மாசமா ஒருத்தன் எனக்கு முன்னால முன்னால போய்க்கிட்டு இருக்கான். அவனுக்கு என்ன வேணும். பிள்ளை வேணும், வேற என்ன வேணும். அவன் பிள்ளை போச்சு, என் பிள்ளை இருக்கா, ரெண்டும் ஒரே பிள்ளைன்னா அவன் வந்து கையைப் பிடிச்சு ‘வா’ம்பான், அவளும் அப்பாதானேன்னு போயிருவா. எந்தப் பிள்ளை அப்பாவைச் சந்தேகப்படும். டிரைவர் எங்கய்யா? டீ குடிக்கப் போனவனுக்கு என்ன ஒரு யுகமா?

சுரண்டை தாண்டினதும் காத்து மாறிருச்சு. கரிசக் காட்டுப் புழுதி போய், ஈரக் காத்து. மேக்க மலை முழுக்க மேகம் மூடியிருக்கு, இங்க வெயில் அடிக்குது, வெயில்லயே பொடிப்பொடியா சாரலும் விழுது. எல்லாரும் ‘ஆகா, சீசன் ஜோரா இருக்கு’ங்கிறாங்க. எனக்குச் சாரல் பட்ட கையைத் துடைக்கத்தான் தோணுது. எதிர்ல வர்ற வண்டி எல்லாம் குளிச்சுட்டுத் திரும்புற கூட்டம். ஜன்னல் ஜன்னலா ஈரத் தலை. ஒவ்வொண்ணா உத்துப் பார்க்கிறேன், எதிலயாவது ஒரு மூலையில என் மூஞ்சி உட்கார்ந்திருக்குமோ, பக்கத்துல அவ உட்கார்ந்திருப்பாளோன்னு. வண்டி ரெண்டும் ஒரு விநாடிதான் பக்கத்துல நிக்குது, அதுக்குள்ள எத்தனை தலையைப் பார்க்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், ‘குளிக்கவா?’ ‘மக வந்திருக்கா.’ ‘நல்லது. நல்லா குளிக்கட்டும். நேத்து மலையில நல்ல மழை. தண்ணி எக்கச்சக்கமா வருதாம். காலையில நல்லாத்தான் விழுந்துச்சாம், இப்பச் செம்மண்ணா வர ஆரம்பிச்சுருச்சுன்னு சுரண்டை டீக்கடையில பேசிக்கிட்டாங்க.’ எதுக்கு இதை என்கிட்ட சொல்றார். வாயை மூடிக்கிட்டு வரக் கூடாதா மனுஷன். செண்பகா, கரையில நில்லும்மா. பாறையில ஏறாதே. பாறை வழுக்கும். உங்க டீச்சர் கையை விடாதே. நீ என்னத்தைக் கேப்பே, அப்பனே எந்தத் தண்ணியில வேணா குளின்னு சொல்லிட்டானே. புரட்டாசியில அடைச்சு வெச்சதுக்கெல்லாம் சேர்த்து வெச்சுக் குளிப்பே. உன்னை ஒரு மாசம் முழுக்கக் காவல் காத்து, சரியான மாசத்துல கொண்டுபோய் நானே தண்ணியில விட்டிருக்கேன். வேற எவனும் இல்ல, நான். பிள்ளையாரப்பா, அவளை விட்டுரு, எதுவானாலும் எனக்குக் கொடு. என் காலை எடு, கண்ணை எடு. கழிக்க வேண்டாம்னு வந்திராதா. மில்லு கடிகாரத்தை மட்டும் எவனாவது திருப்பாம விட்டிருக்கக் கூடாதா, சோம்பேறி ஒருத்தன் கூடவா அந்த மில்லுல இல்லாமப் போயிட்டான்.

குத்தாலம். இறங்கினதும் ஓடத்தான் செஞ்சேன். செருப்பு ஒண்ணு அந்துபோச்சு, அதை விட்டுட்டேன். அருவிச் சத்தம் தெருவுக்கே கேக்குது, இப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்ல, உருளைக்கல்லுக உருண்டு வர்ற மாதிரி. விசில் சத்தம். போலீஸ்காரன் தடியை நீட்டி எல்லாரையும் மேல விரட்டுறான், ‘குளிக்கத் தடை, குளிக்கத் தடை, மேல ஏறு’ன்னு. ஈரச் சேலைகளும் எண்ணெய் வழியுற உடம்புகளுமா ஒரே நெரிசல். தண்ணி செக்கச் செவேல்னு அருவி முன்னால கட்டியிருக்கிற ஆர்ச்சுக்கு மேலயே தாண்டி விழுது, அடியில பாறையையே காணோம். எவனோ ஒருத்தன், ‘பொம்பளப் பிள்ளைக பக்கம் எல்லாரும் ஏறியாச்சா?’ன்னு கத்துறான். ‘செண்பகா!’ எனக்கே என் குரல் கேக்கல. ‘செண்பகா!’ பள்ளிக்கூடத்து நீலத் தாவணிக கூட்டமா மண்டபத்து ஓரமா நிக்குதுக, தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு, பல்லு கிடுகிடுத்துக்கிட்டு. டீச்சர் ஒவ்வொருத்தியாத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கிட்டு இருக்காங்க. ஒவ்வொரு மூஞ்சியா நானும் பார்க்கிறேன். இல்ல, இவ இல்ல, இவளும் இல்ல. டீச்சர் என்னைப் பார்த்துட்டு, ‘உள்ளதான் உட்கார்ந்திருக்கா சார். நீங்க உட்கார வெச்ச இடத்துலயேதான் இருக்கா. நகரவே இல்ல’ன்னாங்க.

மண்டபத்துத் தூணுக்குப் பின்னால உட்கார்ந்திருந்தா. மடியில மாத்துத் துணிப் பை. மூஞ்சியெல்லாம் கோபம், சிவந்த மூக்கு. நான் அவ முன்னாடி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துட்டேன். கையைப் பிடிச்சேன். சூடா இருந்துச்சு. உசிரோட இருந்தா, தாயே, என் தாயே, முழுசா இருந்தா. ‘மறுபடி எதுக்குப்பா வந்தீங்க?’ன்னு சிடுசிடுத்தா. ‘இருங்கன்னா இருக்காம அப்பப் போயிட்டீங்க. எல்லாரும் குளிச்சாங்க, எனக்கு மட்டும் இல்லன்னு ஆயிருச்சு. இப்ப தடையும் போட்டாச்சு.’ எப்ப வந்தேன்னு கேக்கணும், என்ன சட்டை போட்டிருந்தேன்னு கேக்கணும், எந்தப் பக்கம் போனேன்னு கேக்கணும், எதையும் கேக்க முடியல. ‘நான் உன்கிட்ட என்னம்மா சொன்னேன்?’ன்னு மட்டும் வந்துச்சு. அவ கோபம் கொஞ்சம் இறங்கிருச்சு. என் மூஞ்சியையே பார்த்தா. ‘என்னப்பா ஆச்சு உங்களுக்கு? கோயிலெல்லாம் பார்த்துட்டு நான் அப்பத்தான் குளிக்கப் படியில இறங்கப் போறேன், ஓடி வந்து என்னை இழுத்துட்டு வந்து இங்க உட்கார வெச்சீங்க. துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிக்கிட்டே இருந்தீங்க. ரொம்ப நேரம். பிள்ளைகள்லாம் பார்த்துச் சிரிச்சாளுக. நான் இன்னும் குளிக்கவே இல்லப்பா, தலை காஞ்சுதான் இருக்குன்னு எத்தனை தடவை சொன்னேன். நீங்க கேக்கவே இல்ல. ஈரம் போக மாட்டேங்குதே, ஈரம் போக மாட்டேங்குதேன்னு அழுதீங்க.’